கால்வேலி நிலமும் கால்வாய்த் தண்ணீரும்

முதுகலைத் தமிழ் வகுப்பில் புறத்திணை நடத்தும்போது ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு கேள்வி கேட்பேன். மூவேந்தர்களுக்கு முன்னால் யார் ஆண்டார்கள்? வேளிர் என்று பதில் வரும். அவர்களுக்கு முன்னால்? சீறூர்த் தலைவர்கள். அதற்கும் முன்னால்? வகுப்பு அமைதியாகிவிடும். யாரும் யாரையும் ஆளாமல் மனிதர்கள் சேர்ந்து வாழ்ந்திருக்கக்கூடும் என்று நம் பாடத்திட்டம் எந்தப் பக்கத்திலும் சொல்வதில்லை. அதனால் அரசு என்பது மழை, வெயில்போல எப்போதும் இருந்த ஒன்று என்ற எண்ணம் மாணவிகள் மனத்தில் படிந்துவிடுகிறது. எப்போதும் இருந்ததை யார் கேள்வி கேட்பது?

அரசு தோன்றிய கதையை உலக வரலாற்று நூல்கள் பொதுவாக மெசபடோமியாவில் தொடங்கும். கூட்டம் பெருகியது, வேளாண்மை வந்தது, தானியம் மிஞ்சியது, மிஞ்சியதைக் காக்கவும் பங்கிடவும் ஆள் வேண்டியிருந்தது, எழுத்து வந்தது, மன்னன் வந்தான். இந்த வரிசையில் உண்மை இருக்கிறது. ஆனால் 'ஆள் வேண்டியிருந்தது' என்ற இடத்தில் அது அவசரமாகத் தாண்டிப் போகிறது. எந்த ஆள்? அவரை யார் தேர்ந்தார்கள்? யாரெல்லாம் அந்த இடத்துக்கு வரவே முடியாது என்று எப்போது முடிவானது? எண்ணிக்கை பெருகியதால் அரசு வந்தது என்று மட்டும் சொல்லி முடித்தால் இந்தக் கேள்விகள் காணாமல் போகும். எண்ணிக்கைக்கு ஆண், பெண் கிடையாது.

நான் சுருளிப்பட்டியிலிருந்து தொடங்குகிறேன். பிறந்த ஊர் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அரசில்லாத வாழ்க்கை, தலைவன், சபை, பேரரசு, இன்றைய அரசாங்கம் என்று எல்லாவற்றின் தடயமும் கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியே கிடக்கிறது. மேற்கே மலை, நடுவே ஆறு, இருபுறமும் வயலும் திராட்சைப் பந்தலும். ஒரு பகல் பேருந்துப் பயணத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தொட்டு வந்துவிடலாம்.

*

முதலில் மலை. சுருளி மலைத்தொடரிலும் வருசநாட்டு மலைகளிலும் பளியர்கள் வாழ்கிறார்கள். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் அன்றைய மதுரை, ராமநாதபுரம் மாவட்ட மலைகளில் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தார். சில குடும்பங்கள் சேர்ந்த சிறு கூட்டங்கள். கிழங்கு அகழ்வதும் தேன் எடுப்பதும் வாழ்வு. அவர் கண்ட முக்கியமான செய்தி, ஒருவர் இன்னொருவர்மேல் அதிகாரம் செலுத்துவதை அவர்கள் மரியாதைக் குறைவாகக் கருதினார்கள் என்பது. சண்டை வந்தால் தீர்ப்பு சொல்ல ஆள் தேடுவதில்லை. கோபப்பட்டவர் எழுந்து விலகிப் போவார். வேறு கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார். இது கணவன் மனைவிக்கும் பொருந்தியது. மனைவியை அதட்டி வேலை வாங்கும் உரிமை கணவனுக்கு இருந்ததாக அவர் எழுதவில்லை. தனக்கான கிழங்கைத் தானே அகழத் தெரிந்த பெண், பிடிக்காத வீட்டிலிருந்து எழுந்து நடந்தாள்.

இதை ஒரு பொற்காலமாக வரைவதில் எனக்கு விருப்பமில்லை. விலகிப் போவதற்குக் காடு இருந்தவரைதான் அந்த ஏற்பாடு நடக்கும். காடு ஒதுக்குக்காடாகி, பிறகு சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. போக இடமில்லாதபோது சண்டையைத் தீர்க்க மூன்றாவது ஆள் வேண்டும். மானுடவியலில் ராபர்ட் கார்னெய்ரோ 1970இல் முன்வைத்த கருத்தும் ஏறக்குறைய இதுவே: மலையும் பாலையும் கடலும் சூழ்ந்து, தப்பிக்க வழியில்லாத வளமான நிலத்தில்தான் அரசு எளிதாக முளைத்தது. எங்கள் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாதம் உடனே விளங்கிவிடுகிறது. கூடவே ஒன்று தோன்றுகிறது. விலகிப் போகும் வழி அடைபட்டபோது அதை முதலில் இழந்தவள் பெண்ணாகத்தான் இருந்திருப்பாள்.

*

அடுத்து கல். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் மூன்று நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. தமிழி எழுத்துப் பொறிப்புள்ளவை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். இந்தக் கூடலூர், நம் பள்ளத்தாக்கின் மேற்குமுனையில் இருக்கும் கூடலூராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லும் அதே சொல் எங்கள் வட்டாரக் கல்லில் கிடைத்தபோது தமிழ்த்துறைகள் மகிழ்ந்தன. நானும் மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி ஆறியபிறகு கல் சொல்லும் சமூகத்தை யோசித்தேன். அங்கே இன்னும் அரசு இல்லை. வரி இல்லை, கணக்கன் இல்லை. மாடு கவர்ந்து வரும் தலைவன் இருக்கிறான். கவர்ந்ததைப் பங்கிட்டுக் கொடுக்கும்வரைதான் அவன் தலைவன். பாதீடு என்று அதற்கும் ஒரு துறை உண்டு. கொடுக்காதவனைப் பாணரும் மறவரும் விட்டுப் போவார்கள். ஆனால் பளியர் மலைக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில் ஒன்று மாறிவிட்டது. புகழும் தலைமையும் கிடைக்கும் வேலை என்று ஒன்று தனியாகப் பிரிந்துவிட்டது. அது சண்டை. மாட்டைப் பேணியவளுக்கும் பால் கறந்து மோர் விற்றவளுக்கும் கல் நட யாருக்கும் தோன்றவில்லை. இறந்தவனின் பெயர் கல்லில் இருக்கிறது. அவன் மனைவி, தலை மழித்து, நெய்யில்லாத கீரையுணவு உண்ணும் கைம்மைப் பெண்ணாகச் சங்கப் பாட்டில் இருக்கிறாள், பெயரில்லாமல்.

*

மூன்றாவது செப்பேடு. சுருளிப்பட்டியிலிருந்து ஒருமணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன. பெரிய சின்னமனூர்ச் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனுடையது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் பெருமையாகச் சொல்வது அதில்தான் என்பதால் தமிழ் படித்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் அந்த ஏடு எழுதப்பட்ட நோக்கம் இலக்கிய வரலாறு சொல்வதல்ல. ஒரு ஊரைப் பிரமதேயமாகக் கொடுத்த ஆவணம் அது. மன்னன் இப்போது மாட்டைப் பங்கிடவில்லை. நிலத்தை, அதில் உழைப்பவர்களோடு சேர்த்து, எழுதிக் கொடுக்கிறான். அக்காலச் செப்பேடுகள் எல்லை வரைந்த முறையைச் சொல்கின்றன: பெண் யானையை நடக்கவிட்டு, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். அரசு நிலத்தை அளந்த சடங்கில் பெண்பாலுக்குக் கிடைத்த இடம் அந்தப் பிடிக்குரியது.

எழுதிக் கொடுத்த ஊரை யார் நடத்தினார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகத் தெளிவான சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் எழுதப்பட்டது. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைகளில் கொண்டாடப்படுவது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை மூலம் வாரியங்களைத் தேர்ந்தார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. முதல் விதி போதாமல் இரண்டே ஆண்டில் திருத்தினார்கள். தவறு நடந்ததைக் கண்டு விதியை மாற்றிக்கொள்ளத் தெரிந்த ஒரு சபை அது. அந்த நேர்த்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

தகுதிப் பட்டியலையும் படிக்க வேண்டும். இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். வேதக்கல்வி. சொந்த மனையில் வீடு. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்குமேல். வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். கால்வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். அது பிராமணர் சபை. வேளாளர் ஊர்களில் இருந்த 'ஊர்' அவைக்கும் நிலமே நுழைவாயில். வயலில் இறங்கியவர்கள், சேரியில் இருந்தவர்கள் எவருக்கும் குடத்தில் ஓலை கிடையாது. பெண்களுக்கு இடமில்லை என்று கல்வெட்டு எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை. குடத்திலிருந்து ஓலை எடுத்தது விவரமறியாத ஒரு சிறுவன். அந்த விவரமறியாமைகூட ஆண்பாலாக இருக்க வேண்டியிருந்தது.

ஓரிடத்தில் பெண்கள் வருகிறார்கள். கணக்குக் காட்டாதவனின் உறவினர்களும் நிற்க முடியாது என்று சொல்லி, அந்த உறவினர்களை வரிசைப்படுத்தும் இடம். தாயின் சகோதரிகளின் மக்கள், அத்தை மக்கள், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன். தாயும் அத்தையும் மனைவியும் சகோதரியும் அங்கே இருக்கிறார்கள், ஓர் ஆணிலிருந்து இன்னோர் ஆணுக்குப் போகும் வழியாக. நிலம் வைத்திருந்த பெண்களும் அக்காலத்தில் உண்டு. விற்கவோ கொடுக்கவோ வேண்டுமானால் முதுகண் என்ற ஆண் காப்பாளர் உடன் நின்ற கல்வெட்டுகள் இருக்கின்றன. அரசு பெண்களை எண்ணியதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தனித்தனிப் பெயரோடு, வீட்டு வரிசையோடு பொறித்தான். பணிக்கு வேண்டியவர்களானால் பெயர் தெரியும். முடிவெடுக்கும் இடம் என்றால் பெயரே எழாது.

*

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஆண் அறிஞர்கள் தந்த விளக்கங்கள் இரண்டை நம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்க்கலாம். எங்கல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டினார். சொத்து வந்தது, வாரிசு யார் என்ற கவலை வந்தது, பெண் வீட்டுக்குள் போனாள், சொத்தைக் காக்க அரசு வந்தது. விட்ஃபோகல் 1957இல் நீரைக் காரணமாக்கினார். பெரும் பாசனத்துக்குப் பெருங்கூட்டத்தை ஏவ வேண்டும். ஏவுகிறவன் சர்வாதிகாரி ஆகிறான். இரண்டாவது வாதத்தை எட்மண்ட் லீச் 1959இலேயே இலங்கைக் குளங்களைக் காட்டி மறுத்தார். ஊர்க்குளங்களை ஊர்க்காரர்களே, பேரரசின் துணையின்றி, தலைமுறைகளாக நடத்தியிருக்கிறார்கள். எலினார் ஓஸ்ட்ரம் 1990இல் இதைப் பல நாட்டுச் சான்றுகளோடு நிறுவினார். 2009இல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் அவர். தண்ணீருக்கு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்குக்கு மன்னன் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கல்ஸுக்குப் பதில் சொன்னவர் கெர்டா லெர்னர். அவர் 1986இல் எழுதிய நூலின் வாதம், பெண்ணின் உடலையும் பிள்ளைபெறும் திறனையும் உடைமையாக்கியது தனிச்சொத்துக்கும் அரசுக்கும் முன்பே நடந்தது. அரசு அந்த ஏற்பாட்டின்மேல் கட்டப்பட்டது என்பது. குடும்பத்துக்குள் ஒருவர் இன்னொருவரை ஆள்வது பழகிப்போன பிறகுதான் ஊர் முழுவதையும் ஒருவர் ஆள்வது இயல்பாகத் தோன்றும். ஆகோள் கல்லுக்கும் செப்பேட்டுக்கும் நடுவே நடந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு இது உதவுகிறது.

எண்ணிக்கைக்கும் பங்குண்டு. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருக்குழாயை நாற்பது வீட்டுப் பெண்கள் நடத்தினார்கள். 'நடத்தினார்கள்' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். குடம் வரிசையில் நிற்கும். குடம் இல்லாவிட்டால் ஒரு கல்லோ பழைய தகரமோ அவரவர் இடத்தைக் காக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இரண்டு குடம் முன்னால். சாவு வீட்டுக்கு வரிசையே கிடையாது. ஏமாற்றியவளை அடுத்த நாள் எல்லோரும் சேர்ந்து கடைசியில் நிறுத்துவார்கள். நடவுக்கு ஆள் சேர்க்கும் அக்காவுக்கு இருபது பெண்களின் கணக்கு மனத்தில் இருக்கும்: யார் யாருக்கு ஒருநாள் வேலை கடன், யாருக்கு இடுப்புவலி, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இதில் விதி இருந்தது, தண்டனை இருந்தது, பங்கீடு இருந்தது. அரசியல் அறிவியல் புத்தகம் அரசுக்குச் சொல்லும் வேலைகள் பல இருந்தன. நாற்பது வீடு நானூறு ஆகும்போது முகம் தெரியாது, மனக்கணக்கு போதாது, எழுத வேண்டும். எழுதும் இடம் வந்ததும் அந்த அக்காவை விட்டுவிட்டு நோட்டு ஓர் ஆணிடம் போயிற்று. நோட்டு வேண்டும் என்று முடிவு செய்தது எண்ணிக்கை. யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்தது வேறு.

பெண் ஆட்சியாளர்கள் இல்லையா என்று கேட்கலாம். மதுரையை 1689 முதல் பதினேழு ஆண்டுகள் போல ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரில் தென்மாவட்டங்களில் சாலைகள் இன்னும் இருக்கின்றன. பேரன் விசயரங்க சொக்கநாதன் பெயரால்தான் அவர் ஆள முடிந்தது. திறமை அவருடையது, அரியணை பேரனுடையது.

*

இன்றைய அரசாங்கம் எங்கள் ஊருக்குள் தண்ணீரோடு வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய திட்டம் வேகம் பெற்றது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தமானது: 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்த நீர் பள்ளத்தாக்கை இருபோக நிலமாக்கியது. கூடலூர் முதல் தேனி மாவட்டத்தின் 14,707 ஏக்கர் இன்றும் அதை நம்பியிருக்கிறது. பென்னிகுயிக் படம் மாட்டாத தேநீர்க்கடை எங்கள் பக்கம் அரிது. அந்த நன்றியில் நானும் பங்காளி.

இத்தனை பெரிய நீருக்கு நாற்பது வீட்டு வரிசை போதாது. பொறியாளர், ஷட்டர், முறைப்பாசனம், அரசாணை எல்லாம் வேண்டும். தென்மாவட்டங்களில் மடைக்குடும்பன் என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்டவர்கள் ஊர்மடையைத் திறந்த இடத்தில், தொலைவில் கையெழுத்தான ஓர் ஆணை திறக்கத் தொடங்கியது. இந்த அரசு தண்ணீரை மட்டும் அளக்கவில்லை, ஆட்களையும் பட்டியலிட்டது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர்மேல் குற்றப் பழங்குடிகள் சட்டம் பாய்ந்தது; ஆண்கள் இரவில் காவல்நிலையத்தில் படுக்க வேண்டியிருந்தது. இரவெல்லாம் வீட்டையும் மாட்டையும் காத்தது யார் என்று எந்தப் பதிவேடும் எழுதவில்லை. ரேகை வைக்க மறுத்து 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்களில் மாயக்காளும் ஒருவர் என்பது அந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

நல்ல ஆண்டில் ஜூன் முதல் தேதி அணை திறக்கும். அமைச்சரோ ஆட்சியரோ நீரில் பூத்தூவும் படம் செய்தித்தாளில் வரும். அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் நாற்று எப்போது, நடவு எப்போது என்பது தெரியும். எத்தனை ஆயிரம் பெண்கள் எந்த வாரத்தில் முதுகு வளைக்க வேண்டும் என்பதைத்தான் அந்த ஆணை முடிவு செய்கிறது. நீர் தாமதமானால் அவர்கள் விடியுமுன் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை எல்லையில் வெடித்தபோது முதலில் நின்றது அந்த ஜீப்தான். இரண்டு மாநிலங்கள் அடிக்கணக்கில் வாதாடின. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்றது. அந்த நாட்களில் போன கூலியின் கணக்கு எந்த மனுவிலும் இல்லை.

அதே எல்லையில், கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் ஏறும் வழி பளியன்குடியில் தொடங்குகிறது. சித்திரை முழுநிலவு அன்று ஒரு பகல் மட்டும், இரு மாவட்ட நிர்வாகங்களும் காவல்துறையும் வனத்துறையும் கூடி அனுமதிக்கும். சிலப்பதிகாரத்தில் அவளை முதலில் கண்டு வணங்கியவர்கள் மலைக்குறவர்கள். வேங்கை மரத்தடியும் குரவைக்கூத்தும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. மன்னனுக்கு அது போதவில்லை. இமயத்திலிருந்து கல் கொண்டுவரப் படை போயிற்று, தோற்ற மன்னர்கள் தலையில் கல் ஏறியது. சேரநாட்டு மலையில் கல்லுக்கா பஞ்சம்? அரசவையில் நின்று நீதி கேட்ட பெண்ணை அரசு தன் தெய்வமாக்கிக்கொண்ட விதம் அது. இன்று இரண்டு அரசுகள் அவள் வாசலில் பை சோதிக்கின்றன.

*

நம் காலத்தில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் செய்தது. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தல் அப்படியே நடந்தது. எங்கள் ஒன்றியத்து ஊராட்சி மன்றங்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். இது சிறிய மாற்றமல்ல. ஆனால் ஊராட்சியின் கையில் இருப்பது குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு. பள்ளத்தாக்கின் வாழ்வைத் தீர்மானிக்கும் பாசனநீர் அங்கே இல்லை.

அது வேறு சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராக நிலத்தின்மேல் பதிவான உரிமை வேண்டும். 1989இல் இங்கேயும் 2005இல் நாடு முழுவதும் மகள்களுக்குச் சமச் சொத்துரிமை சட்டமாயிற்று. என் தலைமுறைப் பெண்களில் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர்களை எண்ண என் கைவிரல்கள் போதாது. பட்டா இல்லை, ஆகவே சங்கம் இல்லை, ஆகவே நீர் பற்றிய பேச்சில் இடமில்லை. நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தூர்வார ஆள் பார்க்கும்போது யாரும் பட்டா கேட்கவில்லை. கால்வேலி இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

சமூகம் பெரிதாகும்போது நோட்டும் ஆணையும் சங்கமும் வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். மலைக்குத் திரும்பிப் போய்விட முடியாது. போக நினைத்தாலும் வனத்துறை அனுமதிக்காது. நிலம் வைத்திருப்பவரே நீரைப் பற்றிப் பேசலாம் என்பது பெருக்கத்தின் விளைவல்ல. ஒரு காலத்தில் சிலர் செய்த விதி. 919இல் செய்த விதியை 921இல் திருத்தியவர்கள் நாம் போற்றும் அந்தச் சபையினர். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தையும் திருத்தலாம். நடவு நடுகிறவர், களை எடுக்கிறவர், குத்தகைச் சீட்டில்லாமல் பயிரிடுகிறவர் ஆகியோரையும் உறுப்பினராக்க ஒரு பிரிவு சேர்த்தால் போதும். பெயர்ப்பட்டியலுக்கு அதிகாரிகள் அலைய வேண்டியதில்லை. எந்த வாய்க்காலில் யார் வேலை செய்தார்கள் என்று ஆள் சேர்க்கும் அக்காக்களைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்லுவார்கள்.